ஒரு நாள் முழுக்க யுனிவர்சிட்டி கேம்பஸ்ல இருந்துட்டு வந்தேன், பார்த்ததை எழுதுறேன், நீங்களும் சொல்லுங்க

மழைத்தவளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்கூல்ல கடைசி வருஷம் படிக்கிறேன். எங்க பெரியம்மா பொண்ணு ஒரு யுனிவர்சிட்டில பயாலஜி ரிசர்ச் பண்றாங்க, பிஎச்டி. எனக்கு லீவு, அவங்களுக்கு லீவு இல்ல, சரி வா, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்கூடவே இருந்து பாருன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளி ஆளுங்களை உள்ள விட்டுச் சுத்திக் காட்டுற ஓப்பன் டே எல்லாம் இல்ல, சாதாரண வேலை நாள்தான். வந்ததுல இருந்து மனசு பூரா அதுவே ஓடிட்டு இருக்கு, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

உள்ள போனதும் முதல்ல கவனிச்சது, பெல்லே அடிக்கல. மணி ஆனா அவங்கவங்களா எழுந்து அடுத்த கிளாஸுக்குப் போறாங்க, சிலர் மரத்தடியில லேப்டாப்போட உக்காந்திருக்காங்க, யாரும் வந்து ஏன் இங்க இருக்கன்னு கேக்கல. ஸ்கூல்ல பன்னண்டு வருஷமா பெல் சத்தத்துக்கே பழகினவளுக்கு அது ரொம்ப நேரம் உறுத்திட்டே இருந்துச்சு, யாரோ மறந்துட்டாங்களோன்னு.

முதல்ல ஒரு மேத்ஸ் கிளாஸ். அக்கா அந்த ப்ரொஃபசர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருந்தாங்க, கடைசி வரிசையில உக்காந்துக்கோன்னு சொன்னாராம். படிப்படியா மேல ஏறிப் போற மாதிரி பெரிய ஹால். முதல் வருஷ லீனியர் அல்ஜிப்ரா. மேட்ரிக்ஸ்னு போர்டுல எழுதினதும் எனக்கு ஒரு தைரியம், அது நமக்குத் தெரியும்ல, டிடர்மினன்ட் போடுறதுதானேன்னு. ஆனா அவர் டிடர்மினன்ட் பக்கமே போகல. நாலு வட்டம் போட்டார், ஒவ்வொண்ணும் ஒரு வெப்பேஜ், நடுவுல அம்புக்குறி, அதான் லிங்க். ஒரு பேஜ் முக்கியமானதுன்னா என்ன அர்த்தம், முக்கியமான பேஜ் எல்லாம் அதுக்கு லிங்க் குடுத்திருக்கணும். சரி அந்தப் பேஜ் எல்லாம் முக்கியம்னு எப்படித் தெரியும், அதுக்கு வேற முக்கியமான பேஜ் லிங்க் குடுத்திருக்கணும். இது சுத்திச் சுத்தி வருதே, எங்க போய் நிக்கும்னு கேட்டுட்டு, எல்லாத்தையும் ஒரு மேட்ரிக்ஸா எழுதி, நாலு பேஜுக்கும் சமமா மார்க் குடுத்து, திரும்பத் திரும்பப் பெருக்கினார். நம்பர் எல்லாம் முதல்ல ஏறி இறங்கி ஆடுச்சு, அப்புறம் ஆட்டம் குறைஞ்சு, கடைசில நாலும் அதது இடத்துல நின்னுடுச்சு, அதுக்கு மேல எத்தனை தடவை பெருக்கினாலும் மாறல. இதான் ஐகன்வெக்டர், 1998ல கூகுள் ஆரம்பிச்சப்ப அவங்க தேடல் வேலை செஞ்சது இந்தக் கணக்கை வச்சுதான்னு சொன்னார். எனக்கு நெஜமாவே கை சில்லுன்னு ஆயிடுச்சு. ரெண்டு வருஷமா மேட்ரிக்ஸ் போடுறோம், எதுக்குன்னு ஒருத்தர்கூட சொன்னதில்ல.

இன்னொண்ணு சொல்லணும். நடுவுல மூணாவது வரிசையில இருந்து ஒரு அண்ணா, சார் ரெண்டாவது காலம் கூட்டினா ஒண்ணு வரலையேன்னார். காலம்னா மேட்ரிக்ஸ்ல மேல இருந்து கீழ வர்ற வரிசை, அந்தக் கணக்குல ஒவ்வொரு காலமும் கூட்டினா ஒண்ணுதான் வரணுமாம். சார் திரும்பிப் பார்த்து, ஆமால்ல, தேங்க்ஸ்னு சொல்லிட்டு அழிச்சு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டார். அவ்ளோதான். ஹால்ல யாரும் சிரிக்கல, யாருக்கும் அது ஒரு பெரிய விஷயமாவே தெரியல.

அப்புறம் அக்காவோட லேப். அவங்க வேலை பண்றது பழ ஈ வச்சு. ரூம்ல ரேக் ரேக்கா விரல் நீளத்துக்கு சின்னச் சின்ன ட்யூப், வாயில பஞ்சு, அடியில ஈ சாப்பிடுறதுக்கு மஞ்சளா கூழ் மாதிரி ஒண்ணு, ஒவ்வொரு ட்யூப்லயும் ஒரு குடும்பம். ஈயை மயக்கம் போட வைக்க கார்பன் டை ஆக்சைடு விடுறாங்க, வெள்ளைத் தட்டுல கொட்டி, மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டே பெயின்ட் பிரஷ்ஷால ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம்னு தள்ளுறாங்க. படம் வரையுற அதே பிரஷ்தான்! எனக்கும் குடுத்தாங்க. முட்டையில இருந்து ஈ ஆக பத்து நாள் போதுமாம், அதனாலதான் நூறு வருஷத்துக்கு மேலா இதை வச்சே ஜெனெடிக்ஸ் பண்றாங்க. சிவப்புக் கண்ணு ஈக்கு நடுவுல வெள்ளைக் கண்ணோட ஒண்ணு வந்ததை 1910ல மார்கன்னு ஒருத்தர் கவனிச்சார், ஜீன் குரோமோசோம்ல இருக்குன்னு அதுல இருந்துதான் நிரூபிச்சாங்கன்னு அக்கா சொன்னாங்க. அந்த வெள்ளைக் கண்ணு வகை இன்னமும் அந்த ரேக்ல இருக்கு, நான் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ரூம். ஈயோட தலையைக் காய வச்சு மேல தங்கம் பூசுறாங்க, நெஜத் தங்கம், பத்து நானோமீட்டர் மாதிரி, முடியோட தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு. பூசலைன்னா எலக்ட்ரான் மேலயே தேங்கிப் படம் கெட்டுப்போயிடுமாம். உள்ள வச்சு காத்தை எல்லாம் பம்ப் வெளிய இழுக்குற வரைக்கும் வெயிட் பண்ணணும், மேஜைல சாயாதன்னு அங்க இருந்த டெக்னீஷியன் அண்ணா சொன்னார், அந்த அதிர்வுகூட படத்துல தெரியுமாம். அப்புறம் ஸ்க்ரீன்ல வந்துச்சு பாருங்க. ஒரு கண்ணுக்குள்ள எழுநூறு எண்ணூறு குட்டிக் கண்ணு, எல்லாம் ஆறு பக்கம், ஒண்ணோட ஒண்ணு இடைவெளியே இல்லாம, நடுநடுவுல ஒரு முடி. கறுப்பு வெள்ளைலதான் வரும், ஏன்னா அங்க வெளிச்சமே இல்லையே, எலக்ட்ரான்தானே, புக்ல நாம பாக்குற கலர் எல்லாம் அப்புறமா கம்ப்யூட்டர்ல போடுறதாம். அடுத்து இன்னொரு ஈயை வச்சாங்க. அதுல அந்த வரிசையே கலைஞ்சு, ரெண்டு மூணு ஒட்டிப் போய் கிடந்துச்சு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டேன். அதைத்தான் தேடிட்டு இருக்கேன், தெரியலன்னாங்க. யாருக்குத் தெரியும்னு கேட்டேன். யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா நான் இந்த வேலையைப் பண்ண வேண்டியதே இல்லையேன்னாங்க.

லைப்ரரியும் போனோம், அது நேரமாயிடுச்சுன்னு சும்மா ஒரு சுத்து.

இப்ப என் கேள்வி. இந்த நாளுக்கு முன்னாடி வரைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு இருந்தேன், இப்ப பயாலஜி பக்கம் இழுக்குது, மேத்ஸ் கிளாஸும் விடமாட்டேங்குது. ஒரு நாள் பார்த்ததை வச்சு முடிவு பண்ணலாமா? நீங்க யாராச்சும் இப்படிப் போயிருக்கீங்களா?

லேப்வாசி:

தங்கச்சி, படிச்சு முடிச்சதும் என் லேப் முதல் நாள் ஞாபகம் வந்துடுச்சு, நான் மெட்டீரியல் சயின்ஸ், எங்க ரூம்லயும் அதே மைக்ராஸ்கோப்தான். உனக்கு ஒரு விஷயம் சொல்றேன், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை 1931ல ருஸ்கான்னு ஒருத்தர் க்னோலோட சேர்ந்து பண்ணப்ப ருஸ்காவுக்கு வயசு 24, மாணவர். நோபல் குடுத்தது 1986ல. ஐம்பத்தஞ்சு வருஷம்! க்னோல் அதுக்குள்ள இறந்தே போயிட்டார். நீ பார்த்த வகை அப்புறம் வந்தது, ஆனா ஆரம்பம் அங்கதான்.

முடிவு பத்தி கேட்ட. ஒரு நாளை வச்சு எந்தப் பாடம்னு முடிவு பண்ணாத, ஆனா எந்த மாதிரி நாள் உனக்குப் பிடிச்சுதுன்னு பார்த்துக்கோ. ஈயைப் பிரஷ்ஷால தள்ளுறது முதல் தடவை நல்லாருக்கும், அக்கா அதை வாரத்துல பாதி நாள் பண்றாங்க. அந்த நேரமும் உனக்கு இனிச்சா பயாலஜி. போர்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்த நேரம்தான் இனிச்சுதுன்னா மேத்ஸ். அதோட, இப்ப பயாலஜில கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இல்லாம வேலையே ஓடாது, அந்தக் குட்டிக் கண்ணு வரிசை கலைஞ்சிருக்கான்னு ஆயிரக்கணக்கான படத்துல அளக்குறது யார், ப்ரோக்ராம்தான். அதனால மூணையும் எதிரெதிரா வச்சு யோசிக்காத.

கடலோடி:

நல்லா எழுதியிருக்கம்மா, நெஜமாவே. ஆனா இதைப் படிக்கிற மத்த பசங்களுக்காக ஒண்ணு சொல்லியே ஆகணும். உனக்கு உள்ள ஒரு அக்கா இருந்தாங்க. எங்க குடும்பத்துல காலேஜ் போன முதல் ஆள் நான்தான், எனக்கு யாருமே இல்ல. உன் வயசுல நானும் ஒரு கேம்பஸைப் பாக்கணும்னு ஆசைப்பட்டுப் போனேன், கேட்ல யாரைப் பாக்கணும்னு கேட்டாங்க, பேர் சொல்லத் தெரியல, திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க வேலை அது, தப்பு சொல்லல. ஆனா சுவருக்கு வெளிய நின்னு உள்ள தெரியுற கட்டிடத்தைப் பார்த்துட்டு பஸ் ஏறினேன் பாரு, அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகல, நமக்கான இடம் இல்லபோலன்னு மனசுல விழுந்துடுச்சு.

அதனாலதான் ஓப்பன் டேன்னு சொன்னா எனக்கு அவ்ளோ மரியாதை. அன்னைக்கு மட்டும்தான் யார் நீன்னு கேக்காம கதவைத் திறந்து வைக்கிறாங்க. சாதாரண நாள்ல போனாதான் உண்மை தெரியும்னு சொல்றது சரியா இருக்கலாம், ஆனா அதுக்கு உள்ள ஆள் வேணும்.

மஞ்சள்குடை:

அதுக்குன்னு ஓப்பன் டேவை ரொம்பத் தூக்கி வைக்க வேண்டாம் ப்ரோ. நான் ரெண்டும் பார்த்திருக்கேன். ஓப்பன் டேல எல்லாரும் புது டிஷர்ட் போட்டுக்கிட்டு ஸ்டாலுக்குப் பின்னாடி நிக்கிறாங்க, லேப்ல இருக்குற நல்ல பொருளை மட்டும் எடுத்து முன்னாடி வைக்கிறாங்க, கூட்டத்துல ஒரு இடத்துல நின்னு பேச முடியாது, பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே இருப்பாங்க. அங்க படிக்கிறவங்க எத்தனை மணிக்கு எந்திரிக்கிறாங்க, எக்ஸாம் வாரத்துல எப்படி இருக்காங்க, பிடிக்காத பாடத்தை எப்படி ஓட்டுறாங்க, ஒண்ணுமே தெரியாது. ரெண்டாவது வருஷம் படிக்கிற யாராச்சும் ஒருத்தர்கூட அரை மணி நேரம் உக்காந்து பேசினா அதுல கிடைக்கிறது அங்க கிடைக்காது. முதல் வருஷம் இன்னும் புதுசுங்கிற சந்தோஷத்துல இருப்பாங்க, கடைசி வருஷம் வேலையைப் பத்திதான் பேசுவாங்க, ரெண்டாவது வருஷம்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

கடலோடி:

மஞ்சள்குடை, நான் பிசிக்ஸ் எடுத்ததே ஓப்பன் டேலதான். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு இடத்துல கதவு திறந்து வச்சிருந்தாங்க, போனேன். சூப்பர்கண்டக்டர் காட்டினாங்க, நல்லா குளிர வச்சா கரன்ட் கொஞ்சம்கூடத் தடையில்லாம ஓடுற பொருள். கறுப்பா ஒரு வில்லை, லிக்விட் நைட்ரஜன்ல போட்டு எடுத்து, மேல காந்தத்தை வச்சா அந்தரத்துல நிக்குது. சுத்தி விட்டா சுத்துது. ஓரத்துல ஆவி வெள்ளையா வழிஞ்சு மேஜைல இருந்து கீழ இறங்குது. அதை நீங்க ஷோன்னு சொல்லலாம். எனக்கு அப்ப அதுதான் வேணும், வேற எதையும் கேக்குற அளவுக்கு என்கிட்ட வார்த்தையே இல்ல.

லேப்வாசி:

இதுல நான் குறுக்க வந்தே ஆகணும், ஏன்னா அந்த வில்லை என் ஏரியா. லிக்விட் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. 1911ல காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்துல சூப்பர்கண்டக்டிவிட்டியை முதல்ல கண்டுபிடிச்சப்ப அதைவிட எழுபது டிகிரிக்கு மேல கீழ போகணும், லிக்விட் ஹீலியம் வேணும், ஸ்டால்ல வச்சு ஸ்கூல் பசங்களுக்குக் காட்டுறதெல்லாம் நடக்காத காரியம். 1986ல பெட்நோர்ஸும் ம்யூல்லரும் செராமிக்ல புது வகை கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே அவங்களுக்கு நோபல், அதே 1987ல நைட்ரஜன் குளிரே போதும்ங்கிற செராமிக் வந்துடுச்சு. கடலோடி பார்த்தது பெரும்பாலும் அந்த வகைதான்.

ஆனா முக்கியம் என்னன்னா, அது ஏன் பழைய வகையைவிட அவ்ளோ சூடுலயும் வேலை செய்யுதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட விளக்கம் இன்னைய வரைக்கும் இல்ல. பழைய வகைக்கு 1957லயே தியரி வந்துடுச்சு, இதுக்கு இன்னும் சண்டைதான் நடக்குது. அப்ப பாருங்க, ஓப்பன் டேல கைதட்டு வாங்குற பொருளும், மழைத்தவளை அக்கா லேப்ல பார்த்த கலைஞ்சு போன கண்ணும் ஒரே ஜாதி. ரெண்டுக்கும் பதில் இன்னும் வரல. ஸ்டால்ல நிக்கிறவங்ககிட்ட ஒரு பையன் வந்து இது எப்படி மிதக்குதுன்னு கேட்டா மனப்பாடமா சொல்லுவாங்க. இதுல உங்களுக்கு எது இன்னும் புரியலன்னு கேட்டான்னு வைங்க, அந்த ஆள் ஸ்டாலை விட்டு வெளிய வந்து பேசுவார், நான் அப்படி வந்திருக்கேன். கூட்டம் தள்ளினாலும் பரவால்ல, அந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டு நகருங்க.

இருமகள்அம்மா:

என் பெரியவளுக்கு பதினாறு. இதைப் படிச்சுட்டு அவளுக்கும் காட்டினேன். எங்க வீட்லயும் யாரும் யுனிவர்சிட்டி பக்கம் போனதில்ல, கடலோடி தம்பி சொன்னது எனக்கு நல்லாவே புரியுது. உள்ள ஆள் இல்லாதவங்க சாதாரண நாள்ல உள்ள போக வழியே இல்லையா? அப்புறம் நான் கூடப் போலாமா, இல்ல அவளைத் தனியா விடணுமா?

லேப்வாசி:

வழி இருக்கும்மா. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் வெப்சைட்ல ஒரு ஆபிஸ் மெயில் ஐடி இருக்கும், ப்ரொஃபசர் பேருக்குக் கீழ அவங்க ஐடியும் இருக்கும். ஸ்கூல்ல படிக்கிறேன், இந்தப் பாடம் பிடிக்கும், ஒரு கிளாஸ்ல பின்னாடி உக்காந்து கேக்கலாமான்னு நாலு வரி. சிலர் பதிலே போட மாட்டாங்க, அது உங்க பொண்ணு மேல கோவம் இல்ல, மெயில் குவிஞ்சு கிடக்கும். ஒரு வாரம் பார்த்துட்டு இன்னொருத்தருக்கு எழுதுங்க. அப்புறம் செமினார்னு ஒண்ணு நடக்கும், வெளிய இருந்து ஒருத்தர் வந்து பேசுவார், பல இடங்கள்ல யார் வேணா வந்து உக்காரலாம், நோட்டீஸ்ல அனைவரும் வரலாம்னு போட்டிருந்தா அதுக்கு அதேதான் அர்த்தம். கேட்ல யாரைப் பாக்கணும்னு கேட்டா அந்த நோட்டீஸையோ பதில் மெயிலையோ காட்டுங்க, போதும்.

லேப் மட்டும் கொஞ்சம் கஷ்டம். ஆசிட், லேசர், கிருமி வச்சு வேலை நடக்குற ரூம்ல பதினெட்டு வயசுக்குக் கீழ விடாத இடம் நெறைய, விட்டாலும் மூடின ஷூ, முழு நீள பேன்ட், கண்ணாடி, முடியைக் கட்டியிருக்கணும். செருப்பு போட்டுக்கிட்டு வந்தா வாசல்லயே நிக்கணும்.

நூலகப்பூனை:

லைப்ரரியை ஒரு சுத்துல முடிச்சுட்டீங்களே கண்ணு! நான் யுனிவர்சிட்டி லைப்ரரில வேலை பாக்குறேன், எங்களுக்கும் ஒரு வாய்ப்பு குடுங்க.

எந்தப் பாடம்னு குழப்பம் இருக்குறவங்களுக்கு லைப்ரரியைவிட நல்ல இடம் கேம்பஸ்லயே கிடையாது. புக்கைப் பாடவாரியா பிரிச்சு அடுக்குற ட்யூயி நம்பர் வச்ச லைப்ரரின்னா 510 கணக்கு, 530 பிசிக்ஸ், 540 கெமிஸ்ட்ரி, 570 பயாலஜி, 894.811 போட்டிருந்தா நம்ம தமிழ் இலக்கியம், உலகத்துல எங்க போனாலும் அதே நம்பர்தான். ஒவ்வொரு ரேக் முன்னாடியும் கொஞ்ச நேரம் நில்லுங்க, கைக்கு வந்த புக்கை எடுத்து நடுப்பக்கத்தைத் திறங்க. முதல் பக்கம் இல்ல, நடுப்பக்கம், அங்கதான் அந்தப் படிப்போட அன்றாடம் இருக்கும். புரியாது, பரவால்ல. புரியலன்னாலும் இன்னும் ஒரு பக்கம் பாக்கலாமேன்னு எந்த ரேக்ல தோணுதோ அதைக் குறிச்சுக்கோங்க.

இதைச் சொல்றப்ப எங்க துறையோட ரங்கநாதன் ஐயாவைச் சொல்லாம இருக்க முடியாது. கணக்கு வாத்தியார், 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா வந்தார். புக் பூட்டி வைக்கிறதுக்கு இல்ல, பயன்படுத்துறதுக்குன்னு 1931லயே விதியா எழுதி வச்சார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புக் இருக்கணும்ங்கிறது ரெண்டாவது விதி. வாசகர் தானே ரேக்குக்குள்ள போய் எடுக்கணும்னு அவ்ளோ பாடுபட்டவர். அதனால கேட்ல ஆள் இல்லைன்னு தயங்குற பசங்களுக்கு நான் சொல்றது, லைப்ரரி கவுன்ட்டருக்கு முன்னாடியே போன் பண்ணி, ஒரு நாளைக்கு உள்ள உக்காந்து படிக்க அனுமதி உண்டான்னு கேளுங்க. ஸ்கூல் ஐடி கேப்பாங்க, சில இடத்துல ஸ்கூல்ல இருந்து லெட்டர் கேப்பாங்க. புக் வெளிய எடுத்துட்டுப் போக முடியாது, உள்ள உக்காந்து பாக்கலாம். எங்ககிட்ட கேக்குறவங்களே கம்மி, அதுதான் எனக்கு வருத்தம்.

இருமகள்அம்மா, கேட் வரைக்கும் கூடப் போங்க, உள்ள அவளைப் பேச விடுங்க. பெத்தவங்க பக்கத்துல நின்னா கேள்வி எல்லாம் அவங்கதான் கேக்குறாங்க, பிள்ளை போனைப் பார்த்துட்டு நிக்குது, கவுன்ட்டர்ல தினம் பாக்குறேன்.

மஞ்சள்குடை:

கடலோடி ப்ரோ, உங்க கதையைப் படிச்ச பிறகு நான் சொன்னதை அப்படியே நிறுத்த முடியல. ரெண்டாவது வருஷ ஆள்கிட்ட பேசுங்கன்னு சொல்றது சுலபம், அந்த ஆளை எங்க போய்ப் பிடிக்கிறதுங்கிறதுதான் கேள்வி, அது ஓப்பன் டேலதான் முடியும். ஸ்டால்ல வாலன்டியரா நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ரெண்டாவது வருஷம்தான். சாயங்காலம் ஸ்டால் கழட்டுற நேரத்துல போங்க, கூட்டம் இருக்காது, சேர் மடக்குறப்ப கூட ஒரு கை குடுத்தா பேசிக்கிட்டே இருப்பாங்க.

மழைத்தவளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. கடலோடி அண்ணா, நீங்க சொன்னதை அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்க அவங்க டிபார்ட்மென்ட்ல கேட்டுட்டு, அடுத்த லீவுல எங்க ஸ்கூல்ல இருந்து இன்னும் நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வர முடியுமான்னு பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. லேப்குள்ள எல்லாரையும் விட மாட்டாங்களாம், கிளாஸும் மைக்ராஸ்கோப் ரூமும் ஆகும்னாங்க. லேப்வாசி அண்ணா, எந்த மாதிரி நாள்னு கேட்டீங்கள்ல, யோசிச்சேன். பிரஷ்ஷால தள்ளினப்ப நேரம் போனதே தெரியல. ஆனா நைட்டு படுத்தப்ப மனசுல ஓடினது அந்த நாலு வட்டம்தான். நாலுக்குப் பதிலா அஞ்சு போட்டு நோட்ல நானே பெருக்கிப் பார்த்தேன், நின்னுச்சு! ஒரு பேஜ்ல இருந்து வெளிய லிங்க்கே இல்லைன்னா மட்டும் எல்லாம் குறைஞ்சுக்கிட்டே போய் கடைசில ஒண்ணுமே மிஞ்சல, அது ஏன்?

லேப்வாசி:

அடடா, அதை நீயே கண்டுபிடிச்சியா! அந்தப் பிரச்சனை இந்தக் கணக்கை உருவாக்கினவங்களுக்கே வந்துச்சு. வெளிய வழி இல்லாத பேஜ், அதுக்குள்ள போன மார்க் திரும்ப வராது, அந்தக் காலம் கூட்டினா ஒண்ணு வராது, அன்னைக்கு அந்தப் பையன் கைநீட்டினது எதுக்குன்னு இப்பப் புரியுதா? அப்படிப்பட்ட பேஜுக்கு வந்தவங்க எந்தப் பேஜுக்கு வேணா தாவுவாங்கன்னு வச்சு, மேட்ரிக்ஸ்ல அந்தப் பேஜோட காலம் வரிசைல எல்லா இடத்துலயும் சமமாப் போட்டு நிரப்பிடுவாங்க. அதுக்கு மேல, மத்த பேஜ்லயும் நூத்துக்கு 85 தடவை லிங்க் வழியா போவாங்க, மீதி 15 தடவை கண்ட இடத்துக்குத் தாவுவாங்கன்னு ஒரு திருத்தம். இதையும் போட்டுப் பெருக்கிட்டு என்ன ஆச்சுன்னு சொல்லு. அந்த ப்ரொஃபசருக்கும் இதை எழுதி அனுப்பு, கண்டிப்பா அனுப்பு.

இருமகள்அம்மா:

என் பொண்ணு மெயில் எழுதிட்டா, கெமிஸ்ட்ரிக்கு. அப்படியே போடுறேன், பாத்துச் சொல்லுங்க: "மரியாதைக்குரிய ஐயா, நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. எனக்கு வேதியியல் மிகவும் பிடிக்கும். படிகம் வளர்ப்பதை வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். தங்கள் வகுப்பில் ஒரு நாள் அமர்ந்து கேட்க அனுமதி கிடைக்குமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும். எந்த நாளாக இருந்தாலும் வருகிறேன்."

லேப்வாசி:

படிகம் வளர்த்த வரியை முதல் வரிக்குக் கொண்டு வாங்க, எந்த உப்பு, எத்தனை நாள் ஆச்சுன்னு சேர்த்துக்கோங்க, அதைப் படிச்சாதான் அவர் நிமிர்ந்து உக்காருவார். மன்னிக்கவும் வேண்டாம், எடுத்துடுங்க. எந்த நாளா இருந்தாலும்னு எழுதினா அவர் யோசிக்கணும், தள்ளிப் போட்டுடுவார், அதனால ஸ்கூல் லீவுல ரெண்டு தேதி குறிச்சுக் குடுங்க. சப்ஜெக்ட் லைன்ல பள்ளி மாணவி, வகுப்பைக் கேட்க அனுமதின்னு போடுங்க. அனுப்பிட்டு பதில் வந்ததும் இங்க சொல்லுங்கம்மா.